புடைப்பு முத்திரையும் நமது சரக்கும்

சீமை ஓடு வேய்ந்த பழைய வீடு எதிலாவது கூரை மாற்றும் வேலை நடக்கும்போது, கீழே இறக்கி அடுக்கிய ஓடுகளில் ஒன்றை அங்கத்தினர்கள் புரட்டிப் பார்க்க வேண்டுகிறோம். அதன் அடிப்புறத்தில், மண்ணோடு மண்ணாக, ஒரு தொழிற்சாலையின் பெயரும் ஊரின் பெயரும் எழும்பி நிற்கக் காணலாம். இவ்வகை ஓட்டுக்கு நம் நாட்டில் வழிகாட்டியது, பாஸல் மிஷனைச் சேர்ந்த ஜியார்ஜ் பிளெப்ஸ்ட் என்பவர் 1865-ஆம் ஆண்டில் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையாகும். பதமான களிமண்ணை இரண்டு இரும்பு அச்சுகளுக்கு இடையில் வைத்துத் திருகுப் பொறியால் அழுத்துவார்கள். அச்சில் குழிந்திருந்த எழுத்து மண்ணில் மேடாக எழும்பும். சூளையில் வெந்தபின் அந்த மேடு கல்லாகிவிடும். மையும் இல்லை, சாயமும் இல்லை. ஆகவே மழையில் கரைந்து அழியவும் வழியில்லை. முதல் உலகப் போரின் விளைவாக அத்தொழில் மிஷனின் கையை விட்டுக் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற ஸ்தாபனத்தின் வசம் போயிற்று. முதலாளிகள் மாறினர்; ஓட்டிலிருந்த பெயர் மாறவில்லை. அதே மிஷன் கண்ணனூரிலும் கள்ளிக்கோட்டையிலும் நெசவுச் சாலைகளும் நடத்தி வந்தது. அத்துணிகளை இன்று கண்டவர் அரியர். ஓட்டைக் காணாதவர் இலர்.

இந்த ஓட்டை முதலில் காட்டுவதற்குக் காரணம் உண்டு. தீபாவளிக்கும் புத்தாண்டுக்கும் கம்பெனிகளும் வங்கிகளும் பரிசுப் பெட்டி வழங்கும் வழக்கம் பெருகியிருக்கிறது. அப்பெட்டிகளில் ஏலக்காய், மிளகு, காப்பித்தூள் ஆகிய மலைச்சரக்குகளும், கைத்தறித் துண்டும் மேஜை விரிப்பும் இடம் பெறுகின்றன. பெட்டியின் மூடியில் எழுத்து அச்சிட்டால் போதாது. கை வைத்தால் தட்டுப்படும்படி சின்னம் புடைத்து நிற்க வேண்டும் என்று வாங்குகிறவர்கள் கேட்கிறார்கள். இதனை அச்சுக்கூடத்தார் எம்பாஸிங் என்பர். நாம் புடைப்பு முத்திரை என்போம். இதற்குச் சங்கத்தின் பணத்தைச் செலவிடலாமா, செலவிட்டால் விளைவிப்பவருக்கும் நெய்பவருக்கும் அதனால் என்ன வந்து சேரும் என்ற வினா எழுவது இயற்கையே. அதையே இங்கு ஆராய விரும்புகிறோம்.

புடைப்பு முத்திரையின் தத்துவம் ஓட்டு அச்சின் தத்துவம்தான். ஆண் அச்சு, பெண் அச்சு என இரண்டு வேண்டும். பெண் அச்சில் சின்னம் குழிந்திருக்கும். ஆண் அச்சில் அதே சின்னம் மேடாக இருக்கும். இடையில் காகிதத்தையோ அட்டையையோ வைத்து அழுத்தும்போது, நார்கள் இழுபட்டு அச்சின் வடிவத்தை ஏற்றுக்கொள்கின்றன. அச்சைச் சற்றுச் சூடாக்கினால் நார்கள் இளகி, வடிவம் துலக்கமாக அமையும். மேலே எழும்பாமல் கீழே அமிழ்ந்த முத்திரையும் உண்டு. அதனைப் பள்ள முத்திரை எனலாம். மையின்றி வெறும் மேடாக மட்டும் நிறுத்துவது ஒரு வகை. முன்பே அச்சிட்ட படத்தின் மேல் பொருந்தும்படி எழுப்புவது மற்றொரு வகை. இதில் காகிதம் ஒரு மயிரிழை விலகினாலும் பார்வைக்குக் கோணலாகிவிடும். பொன்னிறத் தாளை வைத்து அழுத்தி மேட்டையும் மினுக்கையும் ஒருங்கே வரவழைப்பது மூன்றாவது. நாட்டில் மிகுதியாக விற்பனையாவது இதுவே.

அச்சு எதனால் ஆனது என்பதைப் பொறுத்தே அதன் ஆயுள். மக்னீசியம் அல்லது துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரித்து எடுத்த அச்சு மலிவு. சில ஆயிரம் பெட்டிகளுக்குப் போதும். பித்தளையில் செதுக்கிய அச்சு விலை கூடியது, நெடுநாள் உழைக்கும், ஒரே சின்னத்தில் பல உயரங்களையும் காட்டும். ஆண் அச்சை முன்னாளில் அச்சுக்கூடத் தொழிலாளர்களே, காகிதத்தை ஒட்டி ஒட்டி அழுத்தித் தயாரித்துக்கொள்வர். எழுத்துக் கோத்து அச்சிடும் காலம் போனபின் பழைய டிரெடில் இயந்திரங்கள் பல, இன்று அட்டை வெட்டவும் மடிப்புக் கோடு போடவும் புடைப்பு முத்திரை இடவுமே பயன்படுகின்றன. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் மேற்சீட்டு அச்சிடப் போய் அச்சுத்தொழிலிலேயே பேரெடுத்த சிவகாசி, நமக்கு எட்டாத ஊரன்று.

செலவுக் கணக்கை ஓர் உதாரணத்தால் காட்டுவோம். அச்சுக்கு 5,000 ரூபாய் ஆகிறதென்று வைத்துக்கொள்வோம். 500 பெட்டிகள் மட்டும் செய்தால் ஒரு பெட்டியின் தலையில் 10 ரூபாய் விழும். 10,000 பெட்டிகள் செய்தால் ஐம்பது காசுதான். எனவே ஒவ்வொரு சிறு சங்கமும் தனித்தனியே அச்சு வெட்டிக்கொள்வது வீண் செலவு. ஆண்டுதோறும் சின்னத்தை மாற்றுவது அதனினும் வீண்.

இங்கு ஒரு சூதையும் சொல்லிவைக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகைகளில் தடவினால் எழுத்து மேடாகத் தட்டுப்படுகிறது. அதுவெல்லாம் புடைப்பு முத்திரை என்று எண்ணுவோர் பலர். ஈர மையின்மேல் பிசின் தூளைத் தூவிச் சூடுகாட்டினாலும் எழுத்து உப்பி நிற்கும். அதற்கு அச்சும் வேண்டாம், அழுத்தமும் வேண்டாம். தாளின் பின்புறத்தைத் தடவிப் பாருங்கள். பின்னால் குழி இருந்தால் அது புடைப்பு. பின்புறம் சமமாக இருந்தால் அது தூள் வேலை. புடைப்பு முத்திரைக்கான விலையைக் கொடுத்துத் தூள் வேலையை வாங்கி வருவது சங்கப் பணத்தில் செய்யத்தக்க காரியமன்று.

தமிழ் எழுத்துக்கென்று ஒரு சங்கடம் உண்டு. ஞ, ணை, இ ஆகியவற்றின் சுழிகள் சிறு அளவில் அடைத்துக்கொண்டு குருடாகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளி காகிதத்தைத் துளைத்துவிடும். எனவே புடைப்பில் எழுத்துப் பெரிதாகவும், கோடு தடிமனாகவும், சொல் சுருக்கமாகவும் இருத்தல் அவசியம். சங்கத்தின் முழுப் பெயரையும், தாலுகா ஜில்லாவையும், பதிவு எண்ணையும் புடைக்க வைக்க ஆசைப்பட்டால் மூடி முழுவதும் கொப்புளம் போட்டதுபோல் ஆகும். சின்னம் ஒன்று, சொல் ஒன்று. மீதியை மையால் அச்சிட்டுக்கொள்ளலாம்.

காகிதத்திலும் பேதம் உண்டு. குட்டை நார்க் காகிதம் அழுத்தத்தில் வெடிக்கும். நீண்ட நார் உள்ளது வளைந்து கொடுக்கும். பருத்திக் கந்தலிலிருந்து கையால் செய்யும் காகிதம் புடைப்பு முத்திரைக்கு மிகவும் ஏற்றது. தறிக்கூடங்களில் வெட்டி எறியும் பருத்திக் கழிவு அத்தகைய காகிதத்துக்கு மூலப்பொருளாகும் என்பதை நெசவாளர் சங்கங்கள் யோசித்துப் பார்க்கலாம். இன்று அது மூட்டைக் கணக்கில் சொற்ப விலைக்குப் போகிறது.

தஞ்சாவூர் காட்டும் வழி

புடைப்பு வேலை மேல்நாட்டிலிருந்து வந்த புதுமை என்று கருத வேண்டியதில்லை. சோழர் செப்பேடுகளைக் கோத்த வளையத்தின் முத்திரையில் புலியும், இரு மீன்களும், வில்லும் மேடாக நிற்கின்றன. இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடு இதற்குச் சான்று. அது வார்ப்பு வேலை. எனினும் கருத்து ஒன்றே. ஏட்டில் எழுதிய தானம் அரசனுடையதுதான் என்பதற்கு அந்த மேடு சாட்சி.

அழகுக்காகவும் பரிசுக்காகவும் தகட்டைப் புடைக்கும் வேலைக்கு நம் நாட்டில் சிறந்த உதாரணம் தஞ்சாவூர்க் கலைத்தட்டு. இரண்டாம் சரபோஜி மன்னர் (1798–1832) காலத்தில் இது தழைத்தது என்பர். இதன் செய்முறையை அங்கத்தினர்கள் அறிவது பயனுடையது. ஏனெனில் இது ஒருவர் வேலை அன்று, கூட்டு வேலை. அடித்தட்டைப் பித்தளையில் செய்து கொடுப்பவர் ஒருவர். தெய்வ உருவமும் பூவேலையும் செதுக்கிய அச்சின்மேல் மெல்லிய வெள்ளித் தகட்டை வைத்து, மேலே ஈயத்தை வைத்துத் தட்டி, உருவத்தை எழுப்புபவர் மற்றொருவர். எழுந்த உருவத்தின் பின்புறக் குழியில் அரக்கும் செங்கல்தூளும் கலந்த கலவையை நிரப்புவர். இல்லையேல் விரல் பட்ட இடத்தில் தகடு அமுங்கிவிடும். பின்னர் அதனை அடித்தட்டில் வெட்டிய காடியில் பொருத்தி, ஓரத்தைத் தட்டி இறுக்கி, சிற்றுளியால் கண்ணும் புருவமும் திருத்தி மெருகிடுவர். பித்தளையின் மஞ்சளும் செம்பின் சிவப்பும் வெள்ளியின் வெண்மையும் ஒரே தட்டில் நிற்கும். புவிசார் குறியீடு பெற்ற இத்தட்டைத் தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் பூம்புகார் என்ற தன் பெயரால் விற்று வருகிறது.

நம் விஷயத்துக்கு வேண்டியது இதுதான். நடுவட்டத்தில் தெய்வ உருவம் இருந்த இடத்தில் இப்பொழுது கல்லூரியின் சின்னத்தையும், வங்கியின் சின்னத்தையும், மாநாட்டின் சின்னத்தையும் புடைத்து நினைவுப் பரிசாக வழங்குகிறார்கள். சுற்றியுள்ள பூவேலை தஞ்சாவூருக்கே உரியது. நடுவே உள்ள சின்னம் கேட்டவருடையது. தட்டைப் பெற்றவர் சுவரில் மாட்டுகிறார். நடுச்சின்னம் யாருடையதாயினும் தட்டைப் பார்த்தவுடனே தஞ்சாவூர் வேலை என்கிறார். கேட்டவரின் பெயரைப் போட்டுக் கொடுத்தும் தன் பெயரை இழக்காத தொழில் இது. நம் ஏலக்காய்க்கு இந்தப் பாக்கியம் கிட்டவில்லை என்பதே நமது குறை.

ஏலக்காயின் பெயர் எங்கே தொலைகிறது?

போடிமெட்டுக்கு மேலே விளையும் காயை உலகம் ஆலப்புழைப் பச்சை என்றே அழைக்கிறது. ஆலப்புழையில் ஏலச்செடி இல்லை. திருவிதாங்கூர் அரசு ஏலத்தைத் தன் ஏகபோகமாக வைத்திருந்த காலத்தில் சரக்கு முழுவதையும் அத்துறைமுகத்தில் சேர்த்து விற்றது. கப்பல் ஏறிய ஊரின் பெயர் காய்க்கு ஒட்டிக்கொண்டது. புவிசார் குறியீட்டிலும் அப்பெயரே பதிவாகியுள்ளது. அக்மார்க் தரங்களுக்கும் அதுவே முதலெழுத்து.

இன்று நடப்பதையும் பாருங்கள். மலையில் பறித்து, ஸ்டோரில் இரவெல்லாம் சூட்டில் உலர்த்தி, ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் காய் ஒரு கிலோ உலர்காயாகச் சுருங்கிய பின், சாக்கில் கட்டிப் போடியிலோ, வண்டன்மேட்டை அடுத்த புற்றடியிலோ உள்ள ஏலக்கூடத்துக்குக் கொண்டுவருகிறோம். 2007-இல் மின்னணு ஏலம் வந்தபின் வாய்விட்டுக் கூவும் சத்தம் நின்றது, கணக்கு நேரானது, இதை நாம் நன்றியுடன் ஏற்கிறோம். ஆனால் ஏலம் முடிந்த மறுகணமே விளைவித்தவரின் பெயர் குவியல் எண்ணோடு நின்றுவிடுகிறது. வாங்கியவர் பல குவியல்களை ஒன்று சேர்த்துச் சல்லடையில் சலித்து, வடக்கே அனுப்புகிறார். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ ஒன்றுக்கு 7,000 ரூபாய் வரை உயர்ந்ததை நாம் மறக்கவில்லை. முந்திய ஆண்டின் வெள்ளமும் அடுத்து வந்த வறட்சியும் தோட்டங்களை அழித்ததால் வந்த விலை அது. காய் வைத்திருந்தவர் சிலரே. பின்னர் விலை இறங்கியதும் தெரிந்ததே. ஏறியபோதும் இறங்கியபோதும் கடையில் தொங்கிய பொட்டலத்தின்மேல் இருந்த பெயர் விளைவித்தவருடையதன்று. குவாதமாலா நாட்டுக் காய் உலகச் சந்தையில் நம்மை விஞ்சி நிற்கும் இந்நாளில், வாங்குகிறவர் இரண்டையும் வேறுபடுத்தி அறிய ஓர் அடையாளம் அவசியமாகிறது.

அந்த அடையாளத்தைப் பெட்டியின் மூடியில் புடைத்துவிட்டால் போதுமா? போதாது. ஏலக்காய்க்கு ஒளியும் ஈரமும் காற்றும் பகை. பச்சை வெளுப்பது ஒளியால். மணம் போவது காற்றால். ஆகவே காயைக் காப்பது உள்ளே இருக்கும் ஒளிபுகாத, காற்றுப்புகாத உறை. வெளியே உள்ள அட்டைப் பெட்டி அன்று. அந்த உள்ளுறையில் புடைப்பு முத்திரை இடவே கூடாது. அலுமினியத் தாளும் பிளாஸ்டிக்கும் ஒட்டிய உறையை ஆழமாகப் புடைத்தால் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழக்கூடும். அழகுக்கு ஆசைப்பட்டு மணத்தைக் கோட்டைவிட்டவர்கள் ஆவோம்.

வெளி அட்டையிலும் ஒரு தொல்லை இருக்கிறது. ஆடி மாதத்து மழைமூட்டத்தில் மலைமேல் ஒரு வாரம் அடுக்கி வைத்த அட்டைப் பெட்டியில் நார்கள் ஈரத்தைக் குடித்துத் தளர்ந்து, புடைத்த சின்னம் படுத்துவிடும். மேலே பாரம் ஏற்றினால் இன்னும் விரைவில் படுக்கும். எனவே புடைத்த பெட்டிகளைக் கீழே போடியிலேயே வைத்து, அங்கேயே நிரப்புவது உத்தமம்.

பெட்டியின் அளவைப் பற்றி நமக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. லிட்டர் எடை என்ன என்று கேட்காத ஏல வியாபாரி இல்லை. அக்மார்க் விதிப்படி ஏ.ஜி.இ.பி. என்னும் முதல் தரக் காய் 7 மில்லிமீட்டருக்குக் குறையாமலும், ஒரு லிட்டருக்கு 435 கிராமுக்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும். அடுத்த தரமாகிய ஏ.ஜி.பி.க்கு 6 மில்லிமீட்டரும் 415 கிராமும், ஏ.ஜி.எஸ்.க்கு 5 மில்லிமீட்டரும் 385 கிராமும். கணக்கிட்டுப் பாருங்கள். கால் கிலோ முதல் தரக் காய்க்கு ஏறத்தாழ 575 மில்லிலிட்டர் இடம் போதும். கால் கிலோ ஏ.ஜி.எஸ். காய்க்கு ஏறத்தாழ 650 வேண்டும். முதல் தரத்துக்கென்று கச்சிதமாகச் செய்த பெட்டியில் இளைத்த காயை நிரப்பினால் மூடி மூடாது; அல்லது எடை குறையும். பெட்டியே லிட்டர்ப் படியாக நின்று பொய்யைக் காட்டிக்கொடுக்கும். மாறாக, வாங்குகிறவர் கண்ணை நிரப்புவதற்காகப் பெரிய பெட்டி செய்து, அடியில் வெற்றட்டையை மடித்துவைத்து, மேலே பொன்னிறச் சின்னத்தைப் புடைத்துக் கொடுக்கும் வழக்கத்தைச் சந்தையில் பார்க்கிறோம். கூட்டுறவுச் சங்கத்தின் முத்திரை அத்தகைய பெட்டியின்மேல் ஏறக்கூடாது. செயற்கைச் சாயம் பூசிப் பச்சையாக்கிய காயைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை, சட்டமே தடுக்கிறது.

துணியின்மேல் புடைப்பு நிற்குமா?

நெசவாள அங்கத்தினர்களுக்கு இதில் நேரான பதில் சொல்ல வேண்டும். பருத்தியில் நிற்காது. பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழை சூட்டில் இளகி, ஆறும்போது இறுகுவதால், செதுக்கிய சூட்டு உருளைகளுக்கு இடையில் செலுத்திய துணியில் மேடு பள்ளம் நிலைத்து நிற்கும். பருத்தி இழை இளகுவதில்லை. பிசின் ஏற்றிப் பதப்படுத்தாமல் பருத்தியில் எழுப்பிய சின்னம் சில சலவைகளில் படுத்துவிடும். பிசின் ஏற்றினாலோ கைத்தறியின் மென்மை போய்விடும். வேட்டி மடிப்பின்மேல் பொன்னிற மையால் அடித்த முத்திரை தண்ணீர் கண்டதும் மங்குவதை நாம் அறிவோம். புடைப்பின் கதியும் ஏறக்குறைய அதுவே. மதுரைச் சுங்குடியில் முடிச்சிட்ட இடங்கள் புதிதில் சற்றே எழும்பிச் சுருங்கி நிற்பதைப் பார்த்துக் கைவேலைதான் என்று பெண்கள் அடையாளம் காண்பர். அதுவும் இஸ்திரிப் பெட்டி படும் வரையில்தான்.

நெசவாளருக்கு இயல்பான புடைப்பு தறியிலேயே இருக்கிறது. கூடுதல் ஊடை கொடுத்து நெய்த புட்டா துணியின் முகத்தில் எழும்பி நிற்கிறது. பின்புறத்தில் நூல் ஓட்டம் தெரிகிறது. முந்தியின் மூலையில் ஒரு விரற்கடை அளவுக்குச் சங்கத்தின் சின்னத்தைப் புட்டாவாக நெய்துவிட்டால், துணி கிழியும் வரை அது போகாது; ஒட்டவும் முடியாது, பிரிக்கவும் முடியாது. டாபி அல்லது ஜக்கார்டு பூட்டிய தறிக்கு இது பெரிய வேலையன்று. கையால் பேட்டை கோக்கும் தறியில் நேரம் கூடும். அந்த நேரத்துக்குக் கூலியைச் சங்கம் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். சின்னம் சங்கத்துக்கு, சிரமம் நெசவாளருக்கு என்று விட்டுவிடக் கூடாது.

துணிக்கு இணைக்கும் சீட்டில் வேண்டுமானால் புடைப்பைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் 2010-களில் பட்டுப்புடவைகளோடு நெய்தவரின் பெயரும் புகைப்படமும் உள்ள சீட்டை இணைத்தது. 1935-இல் தொடங்கிய நிறுவனம் செய்த காரியங்களில் இது மிகவும் மனத்துக்கு உகந்தது என்பது எமது அபிப்பிராயம். மத்திய அரசு 2006-இல் கைத்தறி முத்திரையையும், 2015-இல் இந்தியக் கைத்தறி என்ற தர அடையாளத்தையும் ஏற்படுத்தியது. விசைத்தறிச் சரக்கைக் கைத்தறி என்று விற்பவர்களோடு போராடும் ஆண்டிபட்டி, சக்கம்பட்டி, டி. சுப்புலாபுரம் நெசவாளர்களுக்கு இம்முத்திரைகளின் பயன் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சீட்டைத் தோலில் செய்ய விரும்புவோர் தாவரப் பட்டையால் பதமிட்ட தோலையே கேட்டு வாங்குக. முன்னாளில் ஆவாரம்பட்டையால் பதமிட்ட அத்தகைய தோலை ஈரமாக்கிச் சூட்டச்சால் அழுத்தினால் பள்ள முத்திரை தோல் உள்ளவரை நிற்கும். குரோமியப் பதத் தோலில் அவ்வளவு தெளிவு வராது. திண்டுக்கல்லில் தோல் கிடைக்கும்.

அச்சு யாருடைய பெட்டியில் இருக்க வேண்டும்?

இதுவரை சொன்னது தொழில்நுட்பம். இனிச் சொல்வதுதான் முக்கியம். அச்சை வெட்டுபவர் அச்சுக்கூடத்தார். பணம் கொடுப்பது சங்கம். வேலை முடிந்தபின் அச்சு அச்சுக்கூடத்து அலமாரியிலேயே கிடந்துவிடுவது வழக்கம். அடுத்த முறைக்கு வசதி என்பார்கள். அந்த வசதி வேண்டாம் என்கிறோம். சங்கத்தின் பொது முத்திரையை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறோமே, இந்த அச்சும் அவ்வாறே பூட்டத்தக்கது. ஆண் அச்சு, பெண் அச்சு இரண்டையும் திரும்பப் பெற்றால்தான் திரும்பப் பெற்றதாகும். பெண் அச்சு ஒன்று இருந்தாலே ஆண் அச்சை மறுபடி செய்துகொள்ளலாம். விலைப்பட்டியலில் அச்சு சங்கத்தின் சொத்து என்று எழுதி வாங்குக. எத்தனை பெட்டிகள் அழுத்தப்பட்டன, எத்தனை பழுதாயின, பழுதானவை கிழிக்கப்பட்டனவா என்பதற்கு ஒரு பதிவேடு இருக்கட்டும்.

பெட்டியே திருடனுக்கு உதவுவதும் உண்டு. நல்ல பெட்டியைத் தூக்கி எறிய யாருக்கும் மனம் வராது. காலிப் பெட்டியில் வேறு காயை நிரப்பி விற்பவருக்கு அதுவே மூலதனம். புடைத்த மூடி அழியாதது என்பதே இங்கு இடைஞ்சலாகிறது. ஆகவே திறந்தால் கிழியும் ஒரு சீட்டு, விளைந்த ஆண்டும் தரமும் வரிசை எண்ணும் தாங்கி, மூடியின் குறுக்கே ஒட்டப்பட வேண்டும். அக்மார்க் சீட்டுக்கு வரிசை எண் வைத்திருப்பதன் உட்பொருள் இதுவே. 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தை வகுத்தவர்கள் இதை அறிந்திருந்தார்கள்.

சின்னத்தைப் பதிவு செய்யாமல் அச்சு வெட்டுவது வேலியில்லாத தோட்டத்தில் நாற்று நடுவதற்கு ஒப்பாகும். 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தில், ஒரு கூட்டத்தாரின் உறுப்பினர் அனைவரும் பயன்படுத்தத்தக்க கூட்டுச் சின்னம் என்ற பிரிவு இருக்கிறது. அது நம் போன்றவர்களுக்கென்றே அமைந்தது. பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், பின்னர்ப் புதுப்பித்துக்கொள்ளலாம். யார் எந்தத் தரத்துக்கு அச்சின்னத்தை இடலாம், தவறினால் என்ன தண்டம் என்ற விதிகளையும் விண்ணப்பத்தோடு கொடுக்க வேண்டும். பொதுக்குழுவில் இவ்விதிகளை வாதிட்டு முடிவு செய்வதே பெரிய வேலை. தன் காய் ஏ.ஜி.எஸ். தரம் என்று ஒப்புக்கொள்ள எந்த அங்கத்தினருக்கும் கசக்கும். ஆயினும் அதை அங்கத்தினர் முன்னிலையில் சல்லடை வைத்துத் தீர்த்துக்கொள்வது, வாங்கியவர் திருப்பி அனுப்பித் தீர்ப்பதைவிட மேல்.

பரிசுப் பெட்டி கேட்கும் கம்பெனி, தன் சின்னத்தை மட்டும் மூடியில் புடைக்கச் சொல்வது இயல்பு. அதை மறுக்க வேண்டியதில்லை. தஞ்சாவூர்த் தட்டைப்போல நடுவட்டத்தை அவருக்குக் கொடுத்து, மூடியின் முன்விளிம்பிலோ பெட்டியின் பக்கத்திலோ நம் சின்னத்துக்கு ஓர் அங்குல இடத்தை ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். மைசூர் சந்தன சோப்பின் கட்டியில் சரபச் சின்னம் அழுந்தியிருப்பதை அங்கத்தினர்கள் பார்த்திருப்பர்; பெட்டி போனபின்னும் சோப்பைத் தேய்க்கும் கையில் அது தட்டுப்படுகிறது. நாம் காயின்மேல் அழுத்த இயலாது. எனவே காயைச் சூழ்ந்த ஏதேனும் ஒன்றில், வாங்கியவர் எறியாமல் வைத்துக்கொள்ளும் ஒன்றில், நம் பெயர் இருக்க வேண்டும்.

அட்டைப் பெட்டிக்குப் பதிலாகத் துணிப் பையைச் செய்து பார்க்கும்படி இரு தரப்புச் சங்கங்களுக்கும் தெரிவிக்கிறோம். கால் கிலோ காய்க்கு உள்ளே காற்றுப்புகாத உறை. வெளியே கெட்டிக் கைத்தறிப் பை. பையின் முகத்தில் புட்டாவாக நெய்த சின்னம். வாயைக் கட்டும் கயிற்றில் கையால் செய்த காகிதச் சீட்டு, அதில் புடைப்பு முத்திரை. காய் தீர்ந்தபின் பை அடுப்பங்கரையில் புளிக்கோ மிளகாய்க்கோ பயன்படும். நாலைந்து ஆண்டுகள் வீட்டை விட்டுப் போகாது. போடியின் இலவம்பஞ்சுத் தலையணைக்கும் அதே தறியில் நெய்த உறை பொருந்தும். மாதிரிக்கு ஐம்பது பைகள் நெய்து, புதிய காய் வரத்து தொடங்கும் முன் இரு சங்கங்களின் நிர்வாகக் குழுக்களும் சேர்ந்து பார்த்து, கூலியையும் விலையையும் நிர்ணயித்துக்கொள்ளலாம். பையின் உள்ளளவு முதல் தரக் காய்க்கு 575 மில்லிலிட்டர் என்பதை வெட்டும்போதே தையற்காரரிடம் சொல்லிவிட வேண்டும்.